அல்லி அணியின் பெயரில் ஒரு பனியன்

1

அயர்லாந்துக்கு வந்து இருபது வருடம் ஆனதற்கு நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் எனக்குக் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் 'மரியா' என்று எழுதியிருந்தது. என் பெயர் மரியபுஷ்பம். வந்த புதிதில் அடையாள அட்டை அடித்துத் தந்த அலுவலர் அதை இரண்டாக வெட்டி முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். அய்யாவின் பெயரான அந்தோணிச்சாமியை எடுத்துக் குடும்பப் பெயராக ஒட்டிவிட்டார். திருத்தித் தரச் சொல்லி எழுதிப் போட்டேன். திருத்த வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டை மாற்று என்றார்கள். பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டுமென்றால் அந்த அட்டையைக் கொண்டு வா என்றார்கள். இருபது வருடமாக லிமெரிக் நகரத்தில் என்னைப் பாதிப் பெயராலோ என் அய்யா பெயராலோதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அதே வாரம் சுங்கத்துறையிலிருந்து கடிதம் வந்தது. சிவகாசியிலிருந்து எனக்கு வந்த பார்சலை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உள்ளே வெடிபொருள் இருக்கலாம் என்று சந்தேகம். ஃபோன் செய்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தபிறகு ஒரு பெண் அதிகாரி பேசினார். பெட்டியின் நான்கு பக்கமும் ராக்கெட் படம் இருக்கிறது என்றார். அனுப்பியது யார் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். அவர் என்ன தொழில் செய்கிறார் என்றார். பிரஸ் வைத்திருக்கிறார் என்றேன். அயர்லாந்துக்காரர்கள் அலமாரியைத்தான் பிரஸ் என்பார்கள். இருபது வருடம் ஆகியும் அவசரத்தில் நான் இதில் வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன். "அலமாரி வைத்திருப்பது தொழிலா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அச்சகம் என்பதை விளக்கி, தீபாவளி சீசன் முடிந்து மிஞ்சிய பட்டாசுப் பெட்டியில் என் அண்ணன் துணியை அடைத்து அனுப்பியிருப்பான் என்பதையும் விளக்கி, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பி, பார்சல் கைக்கு வர மூன்று வாரமானது.

அண்ணனை அவன் இவன் என்று எழுதுவது எங்கள் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு உறுத்தும். நேரில் நானும் அவனை நீங்க என்றுதான் சொல்வேன். இங்கே அந்த மரியாதையைக் கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

அருள்ராஜ் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறான். காலண்டரும் பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருடமாகப் பனியனும் அடிக்கிறான். விருதுநகர்ப் பக்கத்தில் மூடிப்போன கடைகள், இடித்துப்போட்ட தியேட்டர்கள், கலைந்துபோன கபடி டீம்கள், இளவட்டங்கள் கூடிக் கதையளந்த இடங்கள் எல்லாம் அவன் கையால் படமாகி டி-சர்ட்டில் ஏறுகின்றன. வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னைப்போல வெளிநாட்டில் இருப்பவர்கள். எல்லாப் பனியனின் முதுகிலும் ஒரே வாசகம்: 'அது ஒரு காலம்'.

இந்தப் பார்சல் வருவதற்கு முந்தின பொங்கல் விழாவில் லிமெரிக் தமிழர்களில் பாதிப் பேர் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நெஞ்சில் 'பாலத்துத் திண்டு யுனிவர்சிட்டி' என்று இருந்தது. எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் அது. அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "அக்கா, ஞாபகம் இருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டாமல் ட்யூஷனிலிருந்து வீட்டுக்குப் போவதற்காக நாங்கள் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம். திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது. இன்னொருவர் நெஞ்சில் ஒரு டீக்கடை பெஞ்சு. ஒரு பெண் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊர், ஊர் என்று இவர்கள் உருகுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அவர்களுக்கு அங்கே உட்கார இடம் இருந்தது. அதைத்தான் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

பார்சலில் நான்கு டி-சர்ட் இருந்தன. என் மகள் ஜெனிதான் பிரித்தாள். இங்கே பிறந்தவள், கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் தமிழில் 'நீங்க' கிடையாது, எல்லோரும் 'நீ'தான். நான்காவதை விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நீதானே?" என்றாள்.

மஞ்சள் துணி. அதில் கோட்டோவியமாக ஐந்து பெண்கள், கையில் பூப்பந்து மட்டையோடு. இடது ஓரத்தில் இரட்டைச்சடையோடு நான். நடுவில் ஷீல்டைத் தூக்கிப் பிடித்தபடி முத்துமாரி. மேலே பெரிதாக 'அல்லி', கீழே 'எங்க ஊரு ராணிகள்'. ஜெனி அப்போதே அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருள்ராஜ் சின்ன வயதில் போர்டு எழுதப் பழகியவன். அவன் போடும் 'லி'யின் கொக்கி பாம்பு படம் எடுத்த மாதிரி நிற்கும். அந்தக் கொக்கியை நான் அதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்திருக்கிறேன்.

"கழட்டு" என்றேன்.

"ஏன்? நல்லா இருக்கே."

"கழட்டுன்னு சொல்றேன்ல."

அவள் கழற்றவில்லை. "நீ விளையாடுனேன்னே எனக்குத் தெரியாது. எதுவுமே சொல்ல மாட்ட, அப்புறம் கத்துவ" என்று பாதி தமிழிலும் பாதி அவர்கள் ஊர் இங்கிலீஷிலும் சொன்னாள். அதில் நியாயம் இருந்தது. அன்று உட்கார வைத்துச் சொன்னேன்.

3

அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். ஞானப்பிரகாசம் என்று ஒரு பி.டி. சார் வந்தார். பொட்டலைச் செதுக்கி, கோடு போட்டு, நெட் கட்டி, பெண்பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுத்தார். அணிக்கு அல்லி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நாங்கள் ஐந்து பேரும் ஐந்து தெரு. ஒரு தெருப் பெண் இன்னொரு தெருவுக்குள் காரணமில்லாமல் போகாத ஊரில், ஐந்து பேரும் ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தோம்.

முத்துமாரிதான் கேப்டன். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா இல்லை. பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிற்கும். இறங்குகிறவள் வீட்டுக்குப் போக மாட்டாள், நேராகப் பொட்டலுக்குத்தான் வருவாள். விரலெல்லாம் வெள்ளியாக மருந்து ஒட்டியிருக்கும். அந்தக் கையோடு மட்டையைப் பிடித்தாள் என்றால், அவள் அடிக்கிற கம்பளிப் பந்து நெட்டை ஒட்டி இறங்கிச் செத்து விழும். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் குனிவதற்குள் பாயிண்ட் முடிந்திருக்கும்.

விருதுநகரில் நடந்த மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். அடுத்தது திருச்சி. இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. பெண்பிள்ளைகள் பேண்ட் போட்டுக்கொண்டு ஒரு வாத்தியாரோடு வெளியூரில் தங்குவதா என்று ஊர் இளைஞர் மன்றத்தில் பேசினார்கள். மன்றத்துச் செயலாளர் என் அண்ணன். வீட்டில் வந்து என்னைப் போகக்கூடாது என்றான். அய்யா ஆரம்பப் பள்ளி வாத்தியார், அதிகம் பேசாதவர். "எம் மக போவா. நீ உன் சோலியைப் பாரு" என்று மட்டும் சொன்னார். அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

திருச்சி கிளம்ப இரண்டு நாள் இருந்தது. காலையில் பள்ளிக்கூடம் போனால் பொட்டலை டிராக்டர் விட்டு உழுது போட்டிருந்தார்கள். கம்பம் பிடுங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடச் சுவரில் நீளமாக முத்துமாரியையும் ஞானப்பிரகாசம் சாரையும் சேர்த்து எழுதியிருந்தது. தார் தொட்டு எழுதிய எழுத்து. கொக்கியைப் பார்த்ததுமே எழுதினது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயில் அடித்தாள்.

திருச்சிப் பயணம் அதோடு நின்றது. சாரை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். முத்துமாரியை அந்த மாதமே ஏழாயிரம்பண்ணையில் கட்டிக்கொடுத்தார்கள். சுவரில் எழுதியிருந்ததைக் கேள்விப்பட்டும் கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி, அதையே ஒரு தயவு மாதிரிப் பேசித்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஐந்து பேரில் அவள் பெயரை மட்டும் ஏன் எழுதினான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்க ஆளில்லாத வீடு என்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெனி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு டி-சர்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இவங்களுக்கு இது தெரியுமா? அவங்க படத்தை விக்கிறது?" என்று நடுவில் இருந்த உருவத்தைக் காட்டிக் கேட்டாள்.

4

முத்துமாரியோடு எனக்குத் தொடர்பு விட்டுப்போகவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு என்று தெரிந்து கூப்பிட்டேன். ஜெனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நானே உன்கிட்டப் பேசணும்னு இருந்தேன் புள்ள" என்றாள் முத்துமாரி. குரல் கம்மியிருந்தது. "உங்க அண்ணன் பனியன் அடிச்சு விக்காகல்ல. கம்பெனி வேன்ல ஒரு பய போன்ல அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டிட்டான். அதுக்குக் கீழ உங்க ஊரு ஆளுக யாரோ பளைய கதைய எழுதிவிட்டிருக்காக. இது நீதானேக்கா, கூட ஒரு வாத்தியார் கதை இருக்காமேன்னு கேக்கான். முப்பது வருசம் ஆச்சு. இந்த ஊருல வெளியாளு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எம் மகன் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

"உங்க வீட்டுக்காரரு?"

"அவுகளுக்கு முன்னமே தெரியுமே. கட்டுனதுல இருந்து அதைச் சொல்லித்தானே என்னைய அடக்கி வச்சாக. ஒரு கோவம் வந்தா அந்த வாத்தியாரு, ஒரு சந்தேகம் வந்தா அந்த வாத்தியாரு. மகன் வளந்தப்பறம் விட்டிருந்தாக. பனியன் வந்ததுல இருந்து எங்கூடப் பேச்சை நிறுத்திட்டாக. சோத்தை வச்சா எடுத்துக்கிடுதாக. மூஞ்சியப் பாக்கது கிடையாது."

ஜெனி ஃபோனை என்னிடமிருந்து வாங்கினாள். "நீ போலீஸ்ல சொல்லு" என்றாள். முத்துமாரி சிரித்தாள். "உம் மகளா? நல்லா வாய் பேசுதா. பேசட்டும்" என்றாள்.

5

அருள்ராஜைக் கூப்பிட்டேன். எடுத்த உடனே சந்தோஷமாகப் பேசினான்.

"பாத்தியா பனியனை? உனக்குன்னே ஸ்பெசலா அடிச்சது. டப்ளின்ல இருந்து லோடு கணக்கா ஆர்டர் வந்திருக்கு புஷ்பம். தை மாசம் நம்ம ஊரு ஸ்போர்ட்ஸ்ல உங்க அஞ்சு பேரையும் மேடையேத்திப் பொன்னாடை போத்துறோம். நீதான் சீஃப் கெஸ்ட். நோட்டீஸே அடிச்சாச்சு."

"அண்ணே, அந்தப் பனியன் விக்கிறதை நிறுத்துங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பளைய கதைய எதுக்குக் கிண்டுற? அன்னைக்கு ஊரு அப்பிடி இருந்துச்சு. இப்ப ஊரு மாறிப்போச்சு. உங்களைக் கொண்டாடணும்னு எல்லாரும் நினைக்காக. அதுக்குச் சந்தோசப்பட வேண்டாமா?" என்றான்.

ஊர் மாறிவிட்டதாம். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்காமல், உழுதுபோட்ட பொட்டலின் மேல் நின்றுகொண்டு மாறிவிட்டோம் என்று அவர்களே அறிவித்துக்கொள்கிறார்கள். வாங்கிப் போட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம், கடல் தாண்டி. ஃபோனை வைத்துவிட்டேன்.

தை மாதம் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தேன். விழாவுக்காக இல்லை. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியபிறகு சொந்த ஊருக்குப் போக ஓ.சி.ஐ. என்று ஓர் அட்டை வேண்டும். என்னுடையதில் அய்யா பெயர் ஓர் இடத்தில் முன்னாலும் ஓர் இடத்தில் பின்னாலும் இருந்தது. அதைச் சரிசெய்யத் தூதரகத்துக்கு அலைந்ததைச் சொன்னால் இந்தக் குறிப்பு முடியாது. என் வீட்டுக்காரர் சேவியர், "அண்ணன் தங்கச்சி சண்டைக்கு இம்புட்டுத் தூரம் போகணுமா?" என்றார்.

6

ஊரில் இறங்கிய மறுநாள் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். வறண்ட காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிப் பட்டாசுக் கம்பெனிகளின் வெள்ளைக் கட்டடங்கள். முத்துமாரி தெருமுனைக்கே வந்து நின்றாள். முடி நரைத்துவிட்டது. நடை மட்டும் பழைய மாதிரியே, முன்பாதத்தை ஊன்றி எந்தப் பக்கமும் பாயத் தயாராக இருக்கிறவள் நடை.

வீட்டுக்குள் போனோம். அவள் கணவர் காளிராஜ் கம்பெனி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"சொல்லு புள்ள, என்ன செய்யணும்? அண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்? பனியனை எடுக்கச் சொல்றேன். நோட்டீசுல உம் பேரை எடுக்கச் சொல்றேன்" என்றேன்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பேரை எடுக்கதுக்கு நீ எதுக்கு வரணும்? எம் நல்ல பேரை அவுக ஏற்கனவே எடுத்துட்டாகளே. அதெல்லாம் வேண்டாம். உங்க அண்ணன் இங்கன வரணும். எங்க வீட்டுக்காரவுக முன்னாடி நின்னு, செவுத்துல எழுதுனது நான்தான், எழுதுனது பொய்யின்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

"அவன் வர மாட்டான்."

"தெரியும். அதான் உன்கிட்டச் சொல்லுதேன்."

இதைக் கேட்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குரலும் உயரவில்லை.

7

அருள்ராஜ் பிரஸ்ஸின் பின்பக்கத்து அறையில் இருந்தான். சுவரெல்லாம் பனியன் மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, காபி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பப் பார்த்தான். வேண்டாம் என்றேன். முத்துமாரி கேட்டதைச் சொன்னேன்.

முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். "எனக்கு ஊருல ஒரு மதிப்பு இருக்கு. சர்ச் கமிட்டில இருக்கேன். எம் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கேன். ஒரு லோடுமேன் வீட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்லுறியா?"

"ஆமா."

"அவளுக்கு வேணும்னா ஏதாச்சும் உதவி செய்யுறேன்."

"அவ உதவி கேக்கலை."

"நீ வெளிநாட்டுல போயி உக்காந்துக்கிட்டு எங்களுக்கு நியாயம் சொல்லுறியோ? இங்க இருந்து பாரு, தெரியும்."

அவனுக்குப் பின்னால் மேசையில் விழா நோட்டீஸ் கட்டுக்கட்டாக இருந்தது. என் ஃபோட்டோவைக் கோட் போட்டு அச்சடித்திருந்தான். 'அயர்லாந்து புகழ்' என்று ஒரு பட்டமும் இருந்தது.

"விழாவுக்கு உங்க சம்பந்தி வீட்டாரும் வாராகளா?" என்று கேட்டேன்.

"வாராக. முன்வரிசையில."

"சரி. மைக்கை என் கையில நீங்கதான் குடுக்கப் போறீக. அல்லி டீம் எப்பிடி ஆரம்பிச்சுதுன்னு சொல்லுவேன். எப்பிடி முடிஞ்சுதுன்னும் சொல்லுவேன். டிராக்டர் யாருது, தார் டப்பா யாருதுன்னு பேரு சொல்லித்தான் பேசுவேன். அவ வீட்டு வாசல்ல நிக்கணுமா, அந்த மேடையில நிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவன் என்னை அடிக்க வருவான் என்று ஒரு நொடி நினைத்தேன். கையை ஓங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அய்யா உனக்கு ரொம்ப இடம் குடுத்துட்டாரு" என்றான்.

8

மறுநாள் சாயங்காலம் அவனே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். முத்துமாரி வீட்டு முற்றத்தில் காளிராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலி இருந்தது. முத்துமாரி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அருள்ராஜ் நின்றான்.

"வந்து, அந்தக் காலத்துல பயலுக எல்லாம் சேந்து விளையாட்டா..." என்று ஆரம்பித்தான்.

"விளையாட்டு எங்களது. நீங்க செஞ்சதுக்கு வேற பேரு. நேராச் சொல்லுங்க" என்றாள் முத்துமாரி.

அருள்ராஜ் காளிராஜைப் பார்க்காமல், அவர் நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "செவுத்துல எழுதுனது நான்தான். எழுதுனது பொய்யி. இவுகளுக்கும் அந்த வாத்தியாருக்கும் ஒண்ணும் கிடையாது. அவரு நல்ல மனுசன்."

காளிராஜ் அவனைப் பார்த்து, "எதுக்கு எழுதுனீக?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. முத்துமாரி கேட்கச் சொன்னதில் அது இல்லை. அருள்ராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"என் தங்கச்சிய நிறுத்தணும். எங்க அய்யா அவளை விட்டுட்டாரு. டீம் இருக்க வரைக்கும் அவ போவா. டீமைக் கலைக்கணும்னா யாரு பேராவது செவுத்துல வரணும். தங்கச்சி பேரை எழுத முடியுமா? அதான் இவுக பேரை எழுதுனேன்."

முப்பது வருடமாக முத்துமாரி சுமந்த பெயர், எனக்காகத் தயாரானது. நான் நர்சிங் படித்தேன், விமானம் ஏறினேன், கேக் வெட்டினேன். என் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்ததால் எனக்கு எதுவும் ஆகவில்லை. முத்துமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளைத் தொடக் கை நீட்டினேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அருள்ராஜ் பக்கம் திரும்பிவிட்டாள்.

"சொல்லிட்டீகள்ல. கிளம்புங்க" என்றாள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் விரோதிக்கும் அதைக் கேட்பார்கள். காளிராஜ் நாற்காலியிலேயே இருந்தார். தலை தொங்கியிருந்தது. நாங்கள் காரில் ஏறும்வரை நிமிரவில்லை.

ஊர் வந்து சேரும்போது அருள்ராஜ், "இப்ப உனக்குத் திருப்தியா?" என்றான்.

"இல்லை" என்றேன். காரிலிருந்து இறங்கி, வீட்டில் வைத்திருந்த என் பெட்டியை எடுத்துக்கொண்டு, சிவகாசியில் ஒரு லாட்ஜில் போய்த் தங்கினேன். அவனோடு பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

9

விழா நடந்ததாம். நானும் போகவில்லை, முத்துமாரியும் போகவில்லை. பொன்னாடையை யாரோ பழைய கபடிக்காரர்களுக்குப் போர்த்தினார்கள். அல்லி பனியனை இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டான். அந்த இடத்தில் மூடிப்போன புரோட்டாக் கடை ஒன்று வந்திருப்பதாக ஜெனி பார்த்துச் சொன்னாள்.

பங்குனியில் அவன் மகளின் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. அவனுடைய பிரஸ்ஸில் அடித்த பத்திரிகை. தாய்மாமன், சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட உறவெல்லாம் வரிசையாக இருந்தது. அத்தை என்ற இடத்தில் யாரும் இல்லை. பெண்ணுக்கு நான் ஒரே அத்தை. சேவியர் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜெனி, "உனக்கு அது வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அயர்லாந்துக்கு வருவதற்கு முன்னால் என் பிள்ளைபோல நான் தூக்கி வளர்த்தவள் அந்தப் பெண். அவள் கல்யாணத்தில் என் பெயர் இல்லாதது வலித்தது. அதற்காக ஏழாயிரம்பண்ணைக்குப் போகாமல் இருந்திருப்பேனா என்றால், அதுவும் இல்லை.

என்னை அரித்தது வேறு. ஊரிலிருந்து திரும்பி வந்தபிறகு முத்துமாரி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. என்ன சொல்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

போன வாரம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே கூப்பிட்டாள். போன் ரிப்பேர் என்றாள், மகன் புதிதாக வாங்கிக் கொடுத்தான் என்றாள். மழை, கம்பெனி, மகன் வேலை என்று ஏதேதோ பேசினாள். நான் பொறுக்க முடியாமல் குறுக்கே புகுந்தேன்.

"என் மேல கோவமா புள்ள?"

"இருந்துச்சு. நீ போனப்பறம் ஒரு மாசம் இருந்துச்சு. உன்னைய நினைச்சாலே எரிஞ்சுச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எழுதுனவன் அங்கன இருக்கான், அதை நம்புனவுக இங்கன இருக்காக. உன் மேல கோவப்பட்டு எனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

பஸ் வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

"வீட்டுல அவுக இப்பப் பேசுறாகளா?" என்று கேட்டேன்.

"பேசுறாக. காலையில எந்திரிச்சதுல இருந்து அது இதுன்னு பேசிக்கிட்டேதான் இருக்காக" என்றாள் முத்துமாரி. "நான்தான் பேசலை."